முதுகெலும்பு உண்டா, இல்லையா?
(வாசகர் கேள்வி–பதில்)

● மழை விட்டதும் கிரிவலப் பாதை ஓரம் நெளிவது புழுவா, பாம்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– அடி அண்ணாமலை வாசகர்

குனிந்து பாருங்கள். உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருந்து, நீண்டு நீண்டு சுருங்கினால் மண்புழு. அதற்கு எலும்பே கிடையாது; தசையும் உள்ளே நிரம்பிய நீரும்தான் உடம்பைத் தள்ளுகின்றன. செதில் பளபளக்க, நாக்கை நீட்டி நீட்டி வளைந்து ஓடினால் புழுப்பாம்பு. அந்த நூல் உடம்புக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட முள்ளெலும்புகள் இருக்கின்றன! விஷமில்லை, அடிக்காதீர்கள்.

● ஆமைக்கும் ஓடு, நத்தைக்கும் ஓடு. இரண்டும் ஒரே இனமா?
– போளூர் மாணவி

இல்லை. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒட்டியே வளர்ந்தவை. ஓட்டை விட்டு அது வெளியே வரவே முடியாது. நத்தை ஓடு, அதன் உடல் சுரக்கும் சுண்ணாம்பு. கோயிலில் ஊதும் சங்கும் அப்படித்தான்: கடல் நத்தை கட்டிய வீடு.

● சாத்தனூர் அணை முதலைப் பண்ணையில் பார்த்தேன். முதுகில் வரிசையாக நிற்பதுதான் முதுகெலும்பா?
– தண்டராம்பட்டு மாணவர்

அவை தோலுக்குள் பதிந்த எலும்புத் தகடுகள், முதலையின் கவசம். முதுகெலும்பு அதற்கும் கீழே ஓடுகிறது.

● இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததா?
– செங்கம் ஆசிரியர்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. நத்தைக்கு இரண்டு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. இவை அத்தனையும் முதுகெலும்பற்றவை! விலங்குகள் ஐந்தறிவில் வருகின்றன. எலும்பைப் பாராமல் புலன்களைப் பார்த்த கண்ணுக்கும் அந்த வேறுபாடு தட்டுப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் முதுகெலும்பற்றவற்றைத் தனியே ஆராய்ந்து இயற்கையியலாளர் லமார்க் நூல் வெளியிட்டது 1801-ல்.

● எலும்பில்லாத உயிர்கள் மட்டம்தானே?
– ஆரணி வாசகர்

ஆரணியிலிருந்தா இந்தக் கேள்வி? உங்கள் ஊர்த் தறியில் ஓடும் பட்டு, எலும்பில்லாத புழு வாயிலிருந்து வந்த நூல். நான்கு முறை தோலுரித்து வளர்ந்த பிறகு, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள இழையை அறுபடாமல் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஜவ்வாது மலைத் தேனும் எலும்பில்லாத உயிரின் உழைப்பே. மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி என முதுகெலும்புள்ளவை எல்லாம் சேர்ந்தாலும் விலங்கினங்களில் நூற்றுக்கு ஐந்து தேறாது. மிச்சமெல்லாம் மற்றவைதான். முதுகெலும்பு உடம்பின் கட்டுமானத்தைச் சொல்லும். உயிரின் தரத்தைச் சொல்லாது. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.