துல்லியத் துப்பாக்கித் தேர்வாளர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் துப்பாக்கி வைத்திருப்போருள் மான் வேட்டைக்குச் செல்பவர், வீட்டுக் காவலுக்காக வைத்திருப்பவர், போட்டிகளில் சுடுபவர், பாட்டனார் விட்டுச்சென்றதை விற்க மனமில்லாமல் பரணில் போட்டிருப்பவர் எனப் பல வகையினர் உண்டு. இவ்வகைகளுள் எதிலும் முழுமையாக அடங்காதவராய், ஆயினும் துப்பாக்கிக் கடைகளின் கல்லாவுக்குப் பெரிதும் வேண்டியவராய் விளங்குபவர் துல்லியத் துப்பாக்கித் தேர்வாளர். இவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். வீட்டுக் கடன் அடைபடும் தறுவாயில் இருக்கும். தொழில் பெரும்பாலும் பொறியியல், பல் மருத்துவம், கணக்குத் தணிக்கை போன்று, தசமப் புள்ளிக்கு வலப்புறம் நிற்கும் இலக்கங்களை மதிக்கக் கற்றுத்தருவதாக இருக்கும். எந்த விலங்கையும் சுட விரும்பாதவர், எந்தப் போரையும் பார்த்திராதவர், சனிக்கிழமைகளில் ஓரிரு மணி நேரம் காகிதத்தில் துளையிடுவதோடு நிறைவடைபவர் என்பதால் இவரால் ஊருக்குத் தீங்கில்லை; நேரும் தீங்கெல்லாம் இவருடைய சேமிப்புக் கணக்குக்கே நேர்கிறது.

இவருடைய நாட்டம் முழுவதும் போல்ட் ஆக்‌ஷன் எனப்படும் கைத்தாழ்ப்பாள் வகை ரைபிள்களின்மீதே ஆகும். இவ்வகையில், ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கைப்பிடியைத் தூக்கித் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை முன்னுக்குத் தள்ளிக் குழலின் அடியிலுள்ள அறையில் அமர்த்தி, கைப்பிடியை மீண்டும் தாழ்த்திப் பூட்ட வேண்டும். தாழ்ப்பாளின் முனையில் துருத்திநிற்கும் காதுகள் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1898இல் ராணுவத்துக்கு அமைத்துத் தந்த வடிவமே இன்றைய பெரும்பாலான மாதிரிகளுக்கு மூதாதை. 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 என்னும் மாதிரியின் அளவுகளைப் பின்பற்றியே இன்றைய கைவினைத் தாழ்ப்பாள்கள் பல செய்யப்படுகின்றன. சுடும் கணத்தில் அசையும் உறுப்புகள் குறைவு என்பதால், தானியங்கிகள் மலிந்த இந்நாளிலும் துல்லியத்தை நாடுவோர் இப்பழைய பொறியையே நாடுகின்றனர்.

துல்லியத்தை அளக்க இவர்கள் கையாளும் அலகு எம்.ஓ.ஏ. எனப்படும்; ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான இக்கோணம், நூறு கஜத் தொலைவில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மிகையான அகலமாக விரியும். அறுநூறு டாலர் கொடுத்து வாங்கும் சாதாரண ரைபிளே இன்று நல்ல தோட்டா கிடைத்தால் ஒரு எம்.ஓ.ஏ. வட்டத்துக்குள் சுடுகிறது, ஆறாயிரம் டாலர் ரைபிள் அதில் பாதி வட்டத்துக்குள் சுடும். எஞ்சிய அந்த அரை அங்குலத்தில்தான் தேர்வாளரின் வாழ்க்கை நடைபெறுகிறது.

தேர்வுக் களத்தில் முதலில் வந்து நிற்பது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரத்து அக்யுரசி இன்டர்நேஷனல் நிறுவனத்தின் படைப்பு. 1984 லாஸ் ஏஞ்சலஸ், 1988 சோல் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற மால்கம் கூப்பர் இந்நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவர். பிரிட்டிஷ் ராணுவம் 1980களில் இவர்களுடைய ரைபிளை ஏற்றுக்கொண்டது. பின்னர் ஸ்வீடன் ராணுவத்தின் தேவைக்காக, சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தாழ்ப்பாள் உறையாதபடி அதன்மீது பள்ளங்கள் வெட்டி, தடித்த கையுறை அணிந்த விரலும் நுழையும்படி விசைக்காப்பை அகலமாக்கி, ஆர்க்டிக் வார்ஃபேர் என்ற மாதிரியை உருவாக்கினர். இச்செய்தியைத் தேர்வாளர் எவரும் உணர்ச்சிவசப்படாமல் சொல்லிக் கேட்க இயலாது. ஃப்ளோரிடாவில் டிசம்பரிலும் அரைக்காற்சட்டையோடு உலவும் தேர்வாளருக்குக்கூட, பனிப்புயலில் தாழ்ப்பாள் உறைந்துபோகும் சாத்தியம் ஒரு மெய்யான கவலையாகவே இருக்கிறது.

இரண்டாவது வேட்பாளர் பின்லாந்தின் ரீகிமாகி நகரத்துச் சாகோ நிறுவனத்தின் டி.ஆர்.ஜி. வரிசை. இத்தாலியின் பெரெட்டா குழுமத்தைச் சேர்ந்த சாகோ, குழலைத் தானே செய்கிறது. துளையிட்ட உருக்கை அச்சுத்தண்டின்மீது வைத்துச் சூடேற்றாமல் அடித்தடித்து, உட்புறச் சுழற்பள்ளங்கள் படியும்படி உருவாக்கும் இம்முறையை ஆதரிப்போரும், ஒற்றை வெட்டுளியால் பள்ளங்களைச் சிறிது சிறிதாகச் செதுக்கும் விஸ்கான்சின் மாநிலக் குழல் வினைஞர்களை ஆதரிப்போரும், ஒரே மேசையில் உணவருந்தினாலும் ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்றதாகச் செய்தி இல்லை. மூன்றாவது வழி, தாழ்ப்பாளை ஓரிடத்திலும் குழலை வேறிடத்திலும் விசையைக் கனடாவிலும் அலுமினியச் சட்டகத்தை இன்னோரிடத்திலும் வாங்கி, துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் ஒப்படைத்துப் பல மாதங்கள் காத்திருப்பது. இக்காத்திருப்புக் காலத்தில் தேர்வாளர் சும்மா இருப்பதில்லை என்பதே இவ்வழியின் இடர். கம்மியர் ரைபிளை முடித்துவிட்டதாகத் தெரிவிக்கும் நாளில், அவர் மனம் அதனைவிட நல்லதொன்றுக்கு மாறியிருக்கும்.

கடையில் இவரைக் கண்டுகொள்வது எளிது. மற்ற வாடிக்கையாளர்கள் ரைபிளை வாங்கித் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, தாழ்ப்பாளை மெதுவாகப் பின்னிழுத்து முன்தள்ளி அதன் ஓசையைக் கேட்பார். கைப்பிடி தொண்ணூறு பாகை உயர்கிறதா அறுபது பாகையில் நின்றுவிடுகிறதா என்பது முக்கியம். ஏனெனில் ரெமிங்டன் வழிவந்த இருகாதுத் தாழ்ப்பாள் தொண்ணூறு பாகை உயர, மும்மூன்றாகக் காதுகள் அமைந்த பிறவற்றுக்கு அறுபதே போதும், அந்த முப்பது பாகை மிச்சம் அவசரத்தில் நேரத்தைச் சேமிக்கும் என்பர். அவசரம் எப்போது வரும் என்று கடைச் சிப்பந்தி கேட்பதில்லை. பிறகு விசையை அழுத்தி, அது இருபது அவுன்ஸ் எடையில் விடுபடுகிறதா பதினாறிலா என்று விரல் நுனியால் மதிப்பிட்டு, விலைச்சீட்டைப் பாராததுபோல் பார்த்து, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, வீட்டில் கலந்து பேச வேண்டும் என்பார். கலந்து பேசும் வழக்கம் அவருக்கில்லை என்பதைச் சிப்பந்தியும் அறிவார். வீட்டில் உள்ள மனைவியார் பெட்டகத்தைத் திறந்தாலும் எண்ணிக்கை கூடியது புலப்படாதவாறு, எல்லாவற்றையும் ஒரே பழுப்பு நிறத்தில் வாங்குவதே இவர் கண்ட தீர்வு.

எது சிறந்தது என்பதைச் சுட்டுப் பார்த்து முடிவுசெய்யலாமே என்று வெளியார் கருதக்கூடும். இங்குத்தான் புள்ளியியல் குறுக்கே நிற்கிறது. மூன்று குண்டுகள் காகிதத்தில் நெருங்கி விழுவது திறமையாலும் நேரலாம், தற்செயலாலும் நேரலாம். ஒரு ரைபிளின் சிதறல் மற்றொன்றினும் பத்தில் ஒரு பங்கு குறைவு என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்வதற்கே இரண்டிலும் ஏறத்தாழ நானூறு குண்டுகள் சுட வேண்டியிருக்கும். வேறுபாடு அதில் பாதியாயின் தேவைப்படும் குண்டுகள் நான்கு மடங்காகும். ஆறு மில்லிமீட்டர் போட்டித் தோட்டாக்களைச் சுடும் குழலோ, வெடிவாயுவின் வெப்பத்தில் தொண்டை அரித்துப்போய் ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரத்தைந்நூறு குண்டுகளுக்குள் கூர்மை இழந்துவிடுகிறது. ஆகவே, எது சிறந்த குழல் என்ற வினாவுக்கு விடை கிடைக்கும் வேளையில் இரண்டு குழல்களுமே சிறந்தவையாக இரா. தேர்வாளர் இக்கணக்கை நன்கறிவார். சுடாமல் வாதிடுவதற்கு இதனினும் வலுவான காரணம் அவருக்குத் தேவைப்படுவதில்லை.

தோட்டாவைப் பொறுத்தவரை இவருள் பெரும்பாலோர் ஹார்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மோர் என்பதில் வந்து நிற்கின்றனர். நியூயார்க்கின் லாங் தீவில் 1870களில் அமைக்கப்பட்ட கிரீட்மோர் சுடுதிடலின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1874இல் அத்திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் போட்டி நடந்தது. அயர்லாந்தார் வாய்வழி மருந்து கிட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகளோடும், அமெரிக்கர் பின்வழி தோட்டா ஏற்றும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளோடும் வந்திருந்தமையால், இரு முறைகளுள் எது மேல் என்ற வழக்கு அன்றைக்குத் தீர்ந்துவிடும் என்று நாளிதழ்கள் எதிர்பார்த்தன. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியில் சுட்ட ஓர் அருமையான குண்டு அடுத்தவரின் இலக்கில் பாய்ந்ததால் அவருக்கு மதிப்பெண் கிட்டவில்லை. அமெரிக்கரின் இறுதிக் குண்டைச் சுடவேண்டிய கர்னல் போடைன், சற்று முன்னர் இஞ்சிப் பானப் புட்டி வெடித்து உள்ளங்கை கிழிந்திருக்க, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டு இலக்கை அடித்தார். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது; நடுப்புள்ளி ஒன்றுக்கு நான்கு மதிப்பெண் என்பதைக் கணக்கிட்டால், வழக்கைத் தீர்த்தது எத்துப்பாக்கி என்பது விளங்கும். பெயர்ப் பொருத்தம் கருதிச் சொல்லவேண்டிய இன்னொன்று, அத்திடல் இருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அரசு மனநல மருத்துவமனை நடந்துவருகிறது என்பது. இதற்கும் தேர்வாளர்களுக்கும் தொடர்பு கற்பிப்பது முறையாகாது.

உண்மையில் போட்டியிடுபவரோ வேறு பிறவி. பிரிசிஷன் ரைபிள் சீரிஸ் என்ற பெயரில் 2012 முதல் நடைபெறும் போட்டிகளில், மரத்தடுப்பு, கூரைச் சரிவு, கான்கிரீட் குழாய் என ஆடும் அல்லது சரியும் தாங்கிகளின்மீது ரைபிளைச் சாய்த்து, ஒன்றரை நிமிடம் போன்ற குறுகிய நேரத்துக்குள் பத்துக் குண்டுகளை வெவ்வேறு தொலைவுகளிலுள்ள எஃகுத் தகடுகளில் அடிக்க வேண்டும். வெல்பவரின் ரைபிள் கீறல் விழுந்து, தூசு படிந்து இருக்கும்; பென்சிலால் கோண எண்கள் எழுதிய, வெயர்வையில் மங்கிய அட்டை அதில் ஒட்டப்பட்டிருக்கும். எந்த நிறுவனம் என்று கேட்டால் அவர் சொல்வார். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், நண்பர் ஒருவர் விற்றார், வாங்கினேன் என்பார். இவ்விடையைத் தேர்வாளர் தம் காதால் கேட்டும் நம்புவதில்லை. ஏதோ மறைக்கிறார் என்றே கருதுகிறார். ஆயிரம் கஜத்தில், குறுக்கே வீசும் மணிக்குப் பத்து மைல் காற்று கிரீட்மோர் குண்டை ஏறத்தாழ ஆறடி தள்ளும். காற்றின் வேகத்தை ஒரே ஒரு மைல் தவறாகக் கணித்தாலும் ஏழங்குலம் பிழைபடும். ரைபிள்களுக்கிடையே உள்ள அரை எம்.ஓ.ஏ. வேறுபாடு அத்தொலைவில் ஐந்தங்குலத்துக்குச் சற்றே மேல். காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதை எந்தக் கடையும் விற்பதில்லை என்பதால், அது தேர்வுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

ஒருவழியாக ரைபிள் வாங்கப்பட்டுவிட்டாலும் தேர்வு முடிவடைவதில்லை. அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப் ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டரா, ஐடஹோவின் நைட்ஃபோர்ஸா என்ற அடுத்த ஆராய்ச்சி தொடங்கும். மூவாயிரம் டாலருக்குக் குறைந்த ஸ்கோப்பை அத்தகைய ரைபிளில் ஏற்றுவது அபசாரம் என்பது இவர்களிடையே பொதுக் கருத்து. தோட்டாவைக் கடையில் வாங்காமல் கையாலேயே அடைக்க வேண்டும். வாகனக் கொட்டகையில் கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, ஒரு மில்லிகிராம் பேதத்தையும் காட்டும் தராசின்முன் குனிந்து, இடுக்கியால் வெடிமருந்தில் ஒரு குருணையைப் போட்டு, எண் நிலைக்கும்வரை மூச்சை அடக்கி, பிறகு அதே குருணையை எடுத்துவிடும் தேர்வாளரின் முகத்தில் தெரியும் அமைதியை வேறெங்கும் காண்பது அரிது.

இவ்வளவுக்கும் பிறகு அவர் செல்லும் உள்ளூர்ச் சங்கத் திடல் பெரும்பாலும் நூறு கஜத்தோடு மண்மேட்டில் முடிந்துவிடும். மூன்று குண்டுகள் சுடுவார். மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். நான்காவது சுடுவதில் ஆபத்து உண்டு என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்திருப்பதால் அங்கேயே நிறுத்தி, துளைகளுக்கருகே பத்து சென்ட் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, காகிதத்தை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார். தவறி நான்காவதும் சுட்டு அது ஓரங்குலம் விலகிப் போனால், அது கை இழுத்ததால் நேர்ந்தது, கணக்கில் சேராது. துளைகள் நெருங்கியமைக்கு ரைபிளும், விலகியமைக்குக் கையும் பொறுப்பு என்ற இப்பகுப்பில் இவர் தம்மைத்தாமே தாழ்த்திக்கொள்கிறார் என்பதைக் குறிப்பிடத்தான் வேண்டும். எத்தனையோ துறைகளில் பழியைக் கருவியின்மேல் போடுவதே வழக்கமாயிருக்க, ஆறாயிரம் டாலர் கொடுத்தவருக்கு மட்டும் அந்த வசதி இல்லாமற்போகிறது.

ஓராண்டு கழிந்ததும் அந்த ரைபிள் விற்பனைக்கு வரும். நாற்பது குண்டுகளே சுடப்பட்டது, மழையில் நனையாதது, உதிரிக் குழல் ஒன்றும் உடன் உண்டு, வேறொரு திட்டத்துக்குப் பணம் தேவைப்படுவதால் விற்கப்படுகிறது என்று விளம்பரம் சொல்லும். அந்த உதிரிக் குழல், ஒற்றைத் திருகைத் தளர்த்திக் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக, முதற்குழல் தேய்வதற்கு ஐம்பதாண்டு ஆகும் வேகத்தில் சுடும் ஒருவரால் முன்கூட்டியே வாங்கப்பட்டது. அடக்க விலையில் ஓராயிரம் டாலர் குறைந்திருப்பதை விற்பவர் பொருட்படுத்துவதில்லை. வாங்குபவர் மற்றொரு தேர்வாளராயின் அது அறுபது குண்டு வயதில் மீண்டும் சந்தைக்கு வரும், போட்டியாளராயின் அடுத்த சனிக்கிழமையே நூற்றைம்பது குண்டுகளைச் சுட்டுத் தள்ளும். போட்டியாளர்கள் இத்தகைய விளம்பரங்களுக்காகவே காத்திருக்கின்றனர். எந்தெந்தத் தேர்வாளருக்கு எந்த மாதத்தில் மனம் மாறும் என்பதை அவர்களுள் சிலர் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி.