காணி விடுவிப்பு

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மருமகனுக்கு, பாலம் வரையவென்று பெரிய லப்டொப் வாங்கினோம். அந்தக் காசுக்கு லான்ட்மாஸ்டர் வாங்கி வயல் உழுதிருக்கலாம். சோளகம் தொடங்கியதும் லப்டொப் இரைந்தது, பிறகு படுத்துவிட்டது. 100 பாகையை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்குமாம். எங்கட மத்தியான வெயிலில் மனிசருக்கும் அதே ஏற்பாடுதான்.

கொழும்பில், "மதர்போர்ட் மாத்தவேணும்" என்றார்கள். இன்னொரு லான்ட்மாஸ்டர் காசு. சந்தியில் ஃபோன் திருத்தும் பெடியன் அடிமூடியைக் கழற்றினான். காற்றாடிக்குள் ஏ9 வீதிச் செம்புழுதி, ஒரு பல்லிமுட்டை. பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி, காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசினான்.

"மெசின் நல்லம் அண்ணை. காணிதான் உள்ளுக்கை போயிட்டுது."

அரை மணித்தியாலத்தில் காணி விடுவிப்பு! 2017 இல் படையினர் பிடித்த காணியைக் கேட்டுக் கேப்பாப்புலவு வீதியில் குந்திய சனத்துக்கு இவன் அகப்படாமல் போனானே.