பவளத்துக்கு ஓட்டில்லை

மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள்? பாடநூலைக் கேளுங்கள்: 21. அரசைக் கேளுங்கள்: 21. போட்டித் தேர்வில் 19 என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால், ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை படகில் போய் எண்ணினால் 19தான் தேறும். பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் முழுகி வெகுகாலமாயிற்று. செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குகிற நாடு இது. முழுகிய தீவின் பெயரில் தேசியப் பூங்கா நடத்தினால் யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தத் தீவுகளை எந்த எதிரி நாடும் குண்டு போட்டு அழிக்கவில்லை. நாமேதான் அடிவாரத்தைப் பெயர்த்து விற்றோம். சுற்றியிருந்த பவளப்பாறையைக் கடப்பாரையால் உடைத்தோம். வள்ளத்தில் ஏற்றினோம். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். ஆலைக்கும் அனுப்பினோம், வீட்டுச் சுவருக்கும் பூசினோம். பாறை போனதும் அலை கேட்பாரின்றி உள்ளே வந்தது. மணல் போனது. தீவு போனது. கணக்கிலிருந்து மட்டும் போகவில்லை.

பவளப்பாறை பாறையல்ல, உயிர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள பூச்சிகள், கடல்நீரின் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கூடு கட்டுகின்றன. அதன்மேல் அடுத்த தலைமுறை தன் கூட்டைக் கட்டுகிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. மன்னார் வளைகுடாவில் இப்படி 117 வகைகள் உண்டு. கரையை நோக்கி வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பவளத்திட்டுகள் உறிஞ்சிவிடுகின்றன என்கின்றன உலகளாவிய ஆய்வுகள். மீன் குஞ்சு வளர்வதும் அங்கேதான். இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. பஞ்சப்படி கிடையாது. ஓய்வூதியப் பாக்கி கேட்டு மறியல் கிடையாது. இப்படியோர் ஊழியர் நம் அலுவலகத்தில் அகப்பட்டால் முதல் வேலையாக இடமாற்றம் செய்வார்கள். பவளத்தை அடியோடு பெயர்த்தே விட்டார்கள்.

சட்டம் இல்லையா என்கிறீர்களா? வண்டி வண்டியாக இருக்கிறது. 1986-ல் தேசியப் பூங்கா. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம். அதாவது, புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. சரி, கல் உடைப்பது எப்போது நின்றது? 2005-ல். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்த பிறகு. பாறை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கரையோர மக்களுக்கே புரிந்த பிறகு. தேசியப் பூங்கா அறிவிப்பு 18 ஆண்டுகளாகச் செய்யாததை ஒரு காலைப்பொழுது செய்தது. இந்த நாட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வர இத்தனை பிணங்கள் விழ வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஞானம் பிறந்தது. தூத்துக்குடி எதிரே வான் தீவு கரைந்துகொண்டிருந்தது. பருவநிலை மாற்ற நிதியிலிருந்து சுமார் 25 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. துளையிட்ட கான்கிரீட் வார்ப்புகளைக் கடலில் இறக்கினார்கள். பலன் இல்லாமல் இல்லை. மீன் வந்தது, மணல் ஒதுங்கியது. முங்கி முங்கி உழைத்த ஆய்வாளர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால், நம் அறிவைப் பாருங்கள். முதலில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். இப்போது சிமெண்டைக் குழைத்துப் பவளமாக்கப் பார்க்கிறோம். இரண்டுக்கும் பில் நம் தலையில்.

2005-ல் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 37 விழுக்காடு. 2021-ல் 27 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். உடைப்பதை நிறுத்திய பிறகு நடந்த சரிவு இது.

இதைப் பார்த்துச் சட்டம் தூங்குகிறது என்று சொல்லாதீர்கள். அது அவதூறு. சட்டம் விழித்துத்தான் இருக்கிறது. கண்ணில்தான் கோளாறு. சிறியவர்கள் தெரிகிறார்கள். பெரியவர்கள் தெரிவதில்லை.

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் நன்றாகத் தெரிகிறார்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். பாட்டி காலத்துத் தொழில். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். எந்த அதிகாரியும் சொல்லி அல்ல. 2015-ல் அவர்களில் ஒருவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. உலகத்துக்கு அவர் கடலின் காவலர். உள்ளூர்ச் சட்டத்துக்கு அவர்கள் அத்துமீறிகள். தீவுப் பக்கம் ஒதுங்கினால் மடக்கு, அபராதம் போடு, வழக்கெழுது.

விசைப்படகு மட்டும் தெரிவதில்லை. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் அது மீன்பிடிக்கக் கூடாது என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். இழுவை மடி கடல் தரையைச் சுரண்டிக்கொண்டே போகிறது. நாட்டுப்படகுக்காரர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையத்துச் சாம்பல் கடலுக்குப் போவதை அறிவியல் கட்டுரைகள் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கின்றன. புகைபோக்கி பல மைல் தள்ளியிருப்பவருக்கும் தெரியும். சட்டத்துக்கு அதைவிட, முங்கியிருக்கும் பெண்ணின் தலை பெரிதாகத் தெரிகிறது.

பாசி பறித்தால் குற்றம். பாசி பரப்பினால்? அது முதலீடு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியைப் பாக் நீரிணைப் பக்கம் ஒப்பந்த முறையில் வளர்க்க ஆரம்பித்தது. பவளம் இருக்கும் பக்கம் வளர்க்கக் கூடாது என்று 2005-ல் அரசாணை வந்தது. பாசிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது பாம்பனைத் தாண்டி வந்துவிட்டது. 2008-ல் குருசடைத் தீவின் பவளத்தின்மேல் அது படர்ந்து மூடியிருப்பதை மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒளி மறைந்தால் பவளம் சாகும். பிறகென்ன, வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிடுங்கியது. ஏழை பறித்தால் திருட்டு. கம்பெனி பரப்பியதை அரசு கூலி கொடுத்துப் பறித்தால் பாதுகாப்பு.

பாடம் கற்றார்களா? கற்றார்கள். 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழகத்துக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய் மதிப்பில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. கடற்பாசித் தொழிலின் செல்லப்பிள்ளை இன்றும் அதே கப்பாபைகஸ்தான்.

இனி பெரிய கூத்துக்கு வருவோம். 2005 ஜூலை 2, மதுரை. சேது சமுத்திரத் திட்டத்துக்குப் பிரதமர் தொடக்க விழா நடத்தினார். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். கடல் தரையை வெட்டி 12 மீட்டர் ஆழத்தில் கால்வாய். 2007-ல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலத்தைத் தொடத் தடை போட்டது. அதற்குப் பிறகும் கணக்கு ஓடி, எழுநூறு கோடிக்கு மேல் கரைந்தது. தோண்டிய மணலை அலை மூடியிருக்கும். தோண்டிய பணத்தை யார் மூடுவது?

அந்த நாட்களில் நாடே வாதாடியது. பாலத்தைக் கட்டியது ராமரா, இயற்கையா? தொல்லியல் துறை மனு போட்டது, பிறகு மனு வாபஸானது. ராமரின் பொறியியல் பட்டம் வரை மேடையில் அலசினார்கள். பக்கத்திலேயே உயிரோடு ஒரு கடல் கிடக்கிறதே, தோண்டினால் கிளம்பும் சேறு அதை மூடுமே என்று சில சூழலியலாளர்களும் மீனவர்களும் கேட்டார்கள். எந்த மேடையிலும் அதற்குக் கைதட்டல் இல்லை. ராமர் இருக்கிறார் என்றால் ஓட்டு. ராமர் இல்லை என்றாலும் ஓட்டு. பவளத்துக்கு ஓட்டில்லை.

முடிந்த கதை என்று நினைத்தோம். 2023 ஜனவரியில் சேது திட்டத்தை உடனே நிறைவேற்று என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒருமனதாக. நீட்டுக்குச் சேராதவர்கள் கடலைத் தோண்டச் சேர்ந்தார்கள். இரண்டே ஆண்டுகள். 2025 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் ஹைட்ரோகார்பன் ஏலம் கூடாது, அது பல்லுயிர் வளம் மிக்க கடல் என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் நியாயமானது. வரிக்கு வரி ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தின் நகலை 2023 தீர்மானத்தின் கோப்பிலும் வைத்தால் தேவலை. தில்லி துளைத்தால் அழிவு, நாம் கேட்டு வாங்கித் தோண்டினால் வளர்ச்சி என்று கடலுக்குத் தனித்தனியாக விளக்க முடியாது. தில்லியும் சளைத்ததல்ல. உலக மேடையில் பருவநிலைக்குக் கண்ணீர், உள்ளூர்க் கடலில் எண்ணெய்க்கு ஏலம்.

வெளிநாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள். பார்த்தோம். உலகின் மிகப் பெரிய பவளத்திட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2018-ல் அதைக் காப்பாற்ற அந்த அரசு சுமார் 44 கோடி ஆஸ்திரேலிய டாலரை ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. டெண்டர் இல்லை. அறக்கட்டளை கேட்கவும் இல்லை. முழுநேர ஊழியர்கள் 6 பேர். 2021-ல் யுனெஸ்கோ அந்தப் பவளத்திட்டை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப் போனது. ஆஸ்திரேலியா என்ன செய்தது? பல நாட்டுத் தூதர்களை அழைத்துப்போய்ப் பவளத்தின்மேல் நீந்த விட்டது. பட்டியல் தள்ளிப்போனது. அதே ஆண்டின் கடைசியில் அதே குயின்ஸ்லாந்து மாநிலத்தின் புதிய சுரங்கம் ஒன்றிலிருந்து நிலக்கரிக் கப்பல் புறப்படத் தயாரானது. சுரங்கம் நம் அதானி குழுமத்துடையது. பவளத்தை வேகவைக்கும் விஷயத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் நட்பு நாடுகள்.

கடல் சூடானால் பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். சோறு போட்ட பாசி போனால் வெளுக்கும். சூடு நீடித்தால் சாகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடா வெளுத்தது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பை அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். உலகப் பவளப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்தச் சூட்டில் சிக்கியது. நம்மவர்களுக்கு இது நல்ல சாக்கு. “உலகமே சூடாகிறது, நாங்கள் என்ன செய்ய?” காய்ச்சலில் கிடப்பவனை அடிக்காமலாவது இருக்கலாமே ஐயா!

செய்ய வேண்டியது ரகசியமல்ல. இழுவை மடியைச் சட்டம் சொன்ன தூரத்தில் நிறுத்துங்கள். சாம்பலைக் கரையிலேயே தடுங்கள். அயல்பாசியைப் பவளத்தின் பக்கம் விடாதீர்கள். சேது கோப்பை மூடுங்கள். பாசி எடுக்கும் பெண்களைக் குற்றவாளியாக்குவதை விட்டு, காவலில் பங்கு கொடுங்கள். இதில் எதற்கும் ஆயிரம் கோடி வேண்டாம்.

சிக்கலே அங்குதான். ஆயிரம் கோடி வேண்டாம் என்றால் யாருக்கு அக்கறை வரும்? உயிரோடிருக்கும் பவளத்தால் என்ன லாபம்? மதிப்பீடு இல்லை, ஒப்பந்தப்புள்ளி இல்லை, திறப்பு விழா இல்லை. செத்தால் பாருங்கள் வரவை. முதலில் தூர்வாரலாம். பிறகு கான்கிரீட் இறக்கலாம். ஆய்வுக் குழு போடலாம். நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு நடத்தலாம். கடல் ஊருக்குள் வந்ததும் தூண்டில் வளைவு போடலாம். அது சரிந்தால் மறுபடியும் போடலாம். ஒரு பைசா கமிஷன் தராமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்ற சுவர் பவளம் ஒன்றுதான். அந்த ஒரு குற்றம் போதும், இடித்துவிட.