கப்பலேறுவதற்கு முந்திய நாள்: வெனிஸ், கிள்ளான், அத்தான் குறித்த ஓர் ஆய்வு

கப்பலேறும் நாளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கப்பலேறுவதற்கு முந்திய நாளை யாரும் முறையாக ஆராயவில்லை என்பது தமிழாய்வுலகின் நெடுநாள் குறை. தொல்காப்பியரும் கடற்பயணத்துக்குப் பெண்டிரைக் கூட்டிச் செல்லும் வழக்கமில்லை என்று பொருளதிகாரத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். என் அக்காவை அவர் பார்த்ததில்லை.

அக்கா இருப்பது ஈப்போ, புந்தோங். கச்சாங் பூத்தேக்குப் பேர்போன இடம். பத்து வருடமாக அவளுக்கு ஒரே ஆசை: வெனிஸ் நகரத்தை இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே சொகுசுக் கப்பல் ஏற வேண்டும். அத்தான் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசை என்று எதைக் கேட்டாலும் சட்டைப் பையிலிருந்து 555 நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். இந்த ஆய்வின் முதன்மைத் தரவு அந்த நோட்டுதான். மூலப்படியை அவர் தரமாட்டார். எட்டிப் பார்த்து எடுத்த குறிப்புகளையே இங்கே பயன்படுத்துகிறேன்.

ஈரோ ஒன்றுக்கு ஐந்து வெள்ளி என்ற சுற்றுக் கணக்கில் அத்தான் தொடங்கினார். கோண்டோலாப் படகில் பகலில் அரை மணி நேரம் போக நகராட்சி வைத்த கட்டணம் 90 ஈரோ. அதாவது 450 வெள்ளி. "துடுப்பு நான் போட்டா குறைப்பானா?" என்று அத்தான் கேட்டது ஆய்வு நேர்மை கருதிப் பதிவாகிறது. பொதுப் படகான வாபரெட்டோவில் 75 நிமிடச் சீட்டு 9.50 ஈரோ. பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம், கூட்டம் மிகும் நாள்களில், ஊருக்குள் நுழையவே 5 ஈரோ வாங்கும் முறை 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. உலகில் ஒரு நகரம் தன்னைச் சும்மா பார்ப்பதற்குக் கட்டணம் வைத்தது அத்தானைப் பெரிதும் பாதித்தது. அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

வெனிஸில் சிக்கனத்துக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கரைக்கு அப்பால் மெஸ்த்ரேயில் தங்கினால் அறை மலிவு. ரயிலில் பத்து நிமிடத்தில் தீவுக்குள் வந்துவிடலாம். பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க, டிராகெட்டோ என்ற பெயரில், அதே கோண்டோலா வடிவப் படகு 2 ஈரோவுக்கு ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதில் நின்றபடியே போகிறார்கள். காப்பியையும் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. ஆக வெனிஸில் பணத்தை மிச்சம் பிடிக்க விரும்புகிறவன் செய்ய வேண்டியதெல்லாம் உட்காராமல் இருப்பது. அறுபத்தெட்டு வயது முழங்கால்களுக்கு இந்தப் பொருளாதாரம் ஒத்துவராது. சரி, காசு கொடுக்காத இடத்தில் உட்காரலாம் என்றால், புனித மார்க் சதுக்கத்தின் படிகளில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டால் அபராதம். நம்மவர்களுக்குப் பயணம் என்பதே படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பதுதான். அங்கே புறாக்களுக்குத் தீனி போடவும் 2008 முதல் தடை. புறா வேண்டுமென்றால் பத்துமலை இருக்கிறது.

இனி இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். வெனிஸிலிருந்து கப்பல் ஏறுகிறவர்களில் பலர் வெனிஸிலிருந்து கப்பல் ஏறுவதில்லை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர இத்தாலி அரசு 2021 ஆகஸ்டு முதல் தடை விதித்தது. பெரிய கப்பல்களில் சில தொழிற்சாலைகள் நிற்கும் மார்கேராப் பக்கம் ஒதுங்குகின்றன. சில ராவென்னா வரை போய் நிற்கின்றன. இது நமக்குப் புதிதல்ல. கப்பல் கம்பெனிகளின் அட்டவணையில் "கோலாலம்பூர்" என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்னதாகப் "போர்ட் கிள்ளான்" என்றிருக்கும். கோலாலம்பூருக்குக் கடல் கிடையாது. இரட்டைக் கோபுரத்தடியில் கப்பலைத் தேடிய வெள்ளைக்காரர் யாராவது இருந்தால் அவர் என் அனுதாபத்துக்குரியவர்.

இந்த ஒற்றுமையைக் கண்டதும் அத்தான் 555-ஐ மூடினார். "ரெண்டு ஊருலயும் கப்பல் வேற எங்கயோதான் நிக்குது. பிறகு எதுக்கு அவ்வளவு தூரம்?" போர்ட் கிள்ளானிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று மூன்று இரவுப் பயணத்துக்குச் சீட்டுப் போட்டார். அக்கா விடவில்லை. "கப்பலுக்கு முன்னாடி வெனிஸ் பார்க்கணும். எங்க காட்டுவீங்களோ தெரியாது." அப்படித்தான் இந்தப் பொறுப்பு கிள்ளானில் குடியிருக்கும் தம்பியின் தலையில் விழுந்தது.

முந்தின நாள் சிக்கனம் நம் குலத்துக்குப் பழையது என்பதை இங்கே ஓரிரு வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். தோட்ட வேலைக்கு மலாயா புறப்பட்டவர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்தார்கள். முகாமில் சோறு போட்டார்கள். அதற்கு யாரும் ஈரோ கேட்கவில்லை, வாழ்நாள் உழைப்பைத்தான் கேட்டார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆளனுப்பலைத் தடுத்தது. அதன் பிறகும் சொந்தக் காசில் வந்தவர்களை 'ரஜுலா' ஏற்றி வந்தது. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. மேல்தளப் பயணிகள் பாய் விரித்த இடமே அவர்களுடைய அறை. எங்கள் தாத்தாவும் ஒரு பாய், ஒரு பெட்டியோடு போர்ட் சுவெட்டன்ஹமில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், இறங்கியவர். பேத்தி இப்போது பால்கனி அறை கேட்கிறாள். கொடுக்கத்தான் வேண்டும்.

ஆய்வுக்களம். ஈப்போவிலிருந்து விரைவு ரயிலில் இருவரும் கேஎல் சென்ட்ரலில் வந்து இறங்கினார்கள். இரண்டு பெட்டி, ஒரு டின் முறுக்கு, ஒரு டின் கச்சாங் பூத்தே. வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்தபின் ஊரைச் செங்கல்லில் எழுப்பினார்கள். அதற்குச் செங்கல் சுட்ட இடம் இது. துன் சம்பந்தன் சாலையில் நின்று அத்தான் தன் கோட்பாட்டை அறிவித்தார். நாளை மதியத்திலிருந்து கப்பலில் கட்டின காசுக்குச் சாப்பாடு. ஆகவே இன்றைக்கு வயிற்றைக் காலியாக வைத்திருப்பது அறிவுடைமை. இதை 'வயிற்றுக் கொள்ளளவுக் கோட்பாடு' என்று இந்த ஆய்வு பெயரிடுகிறது. கோட்பாடு பன்னிரண்டு நிமிடம் நிலைத்தது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையைத் தாண்டும்போது நண்டுக் குழம்பு வாசனை வந்தது. சோறும் காய்கறியும் ரசமும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், காசு ஒரு தடவைதான் என்று நான் நினைவூட்டியதும் கோட்பாட்டில் ஒரு திருத்தம் நிறைவேறியது. மூன்றாம் தடவை சோறு கேட்டபோது பரிமாறிய தம்பி, "அங்கிள் கப்பலுக்கா?" என்றான். எப்படிக் கண்டுபிடித்தான் என்பது தனி ஆய்வுக்குரியது.

கோலாலம்பூரையே ஏன் வெனிஸாகக் கொள்ளக்கூடாது என்ற வாதத்தை நான் அங்கேயே வைத்தேன். பெயரிலேயே சேற்று ஆற்று முகம் இருக்கிறது. கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடம். வெனிஸில் தெரு வேறு, கால்வாய் வேறு. கோலாலம்பூரிலோ 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தின் ஒரு பகுதியில் வெயில் நாளில் கார் ஓடும். பெருமழை கொட்டினால் காரை வெளியே அனுப்பிவிட்டு அதே வழியில் வெள்ளத்தை விடுவார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம். தெருவும் கால்வாயும் ஒன்றேயான இந்த அத்வைத நிலையை வெனிஸ் இன்னும் எட்டவில்லை. அக்கா கேட்டாள்: "அதுல படகு போகுமா?" போகாது. வாதம் தோற்றது.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து என் வீட்டில் தங்கினார்கள். ஓட்டல் செலவு சுழியம் என்று 555-இல் ஏறியது. என் வீட்டு மின்கட்டணம் அந்த நோட்டில் எங்கும் இல்லை.

கிள்ளான் கால்வாய் நகரம்தானா? வரலாறு ஆம் என்கிறது. 1901 செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹம் சில மாதத்திலேயே மலேரியாவில் படுத்துவிட்டது. துறைமுகத்தை மூடிவிடும் பேச்சு வந்தது. அப்போது கிள்ளானில் இருந்த அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பில் கரை கட்டவும் கால்வாய் வெட்டவும் வைத்து நீரை வடித்தார். காய்ச்சல் அடங்கியது, துறைமுகம் பிழைத்தது. வெனிஸின் கால்வாய் ஆள் போக. கிள்ளானின் கால்வாய் கொசு போக. இன்று அதை லோங்காங் என்கிறோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம். கடலேற்றத்திலும் நாம் பின்தங்கவில்லை. வெனிஸ் 1966-இல் கண்ட வரலாறு காணாத வெள்ளம் 194 சென்டிமீட்டர்; அதைத் தடுக்க 78 இரும்புக் கதவுகளைக் கடலில் போட்டு, 2020 அக்டோபரில் முதன்முதலாக வெள்ளத்துக்கு எதிராக உயர்த்தினார்கள். போர்ட் கிள்ளானில் பெரிய ஏற்றம் 5 மீட்டரைத் தாண்டும். இரண்டையும் அளக்கும் அடிமட்டம் வேறு என்று ஒரு பொறியாளர் மறுக்கலாம். எங்கள் எண் பெரியது என்பதை அவரால் மறுக்க முடியாது.

ஆனால் அக்கா கேட்டது படகு. மறுநாள் காலை பெட்டிகளை வீட்டில் விட்டு, கொமுட்டரில் கடைசி நிலையம் வரை போனோம். பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கூப்பிடு தூரத்தில் படகுத்துறை. அங்கிருந்து அரை மணி, முக்கால் மணியில் பூலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு. படகு குளிரூட்டியது, ஜன்னல் மங்கல். இருபுறமும் அலையாத்திக் காடு, நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்கள், மீன் வளர்க்கும் மிதவைகள். அக்கா பேசவே இல்லை. அவள் பேசாமலிருந்த முக்கால் மணி நேரம் இந்த ஆய்வில் பதிவான அரிய நிகழ்வுகளுள் ஒன்று.

தீவில் இறங்கியதும் எனக்கே சற்று வியப்பு. வெனிஸ் சேற்றில் மரக்கட்டைகளை அடித்து அதன்மேல் எழுப்பிய ஊர். இதுவும் அப்படித்தான், ஆனால் இங்கே கட்டைகள் மறைந்திருக்கவில்லை, கால் தெரிய நிற்கின்றன. ஹொக்கியன், தியோச்சு பேசும் சீன மீனவர்களின் ஊர். கார் கிடையாது. தூண்கள்மேல் போட்ட நடைபாதைதான் தெரு. அதில் மின்சார சைக்கிள்கள் சீறிக்கொண்டு வரும். வெனிஸின் பழைய நகரத்துக்குள் சைக்கிள் ஓட்டத் தடை. ஆகவே போக்குவரத்தில் கெத்தாம் ஒரு படி மேல். வீட்டு வாசலில் செம்பருத்தித் தொட்டி, கதவருகே சாமிமாடம், வேலியில் காயும் வலை. இறால் காயும் வாசனையை வாசனை என்று சொல்வதா என்பதில் அக்காவுக்கும் அத்தானுக்கும் கருத்து வேறுபாடு. நுழைவுக் கட்டணம் யாரும் கேட்கவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஒரு பாட்டி உள்ளே போய் விசிறி கொண்டுவந்து கொடுத்தார். அபராதம் இல்லை.

ஒரே குறை: நாங்கள் போனது வற்று நேரம். கால்வாய் இருக்க வேண்டிய இடத்தில் சேறும், அதில் துள்ளும் மீன்களும், ஒரு பக்கக் கொடுக்கை ஆட்டும் நண்டுகளும். "வெனிஸ்ல தண்ணி எங்க?" என்றாள் அக்கா. "இத்தாலிக்காரன் திறந்துவிடணும்" என்றார் அத்தான். ஆனாலும் படம் எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ரவாங்கிலிருந்து சித்தி மகள், "அக்கா, இத்தாலியா?" என்று கேட்டாள். அக்கா பதில் போடவில்லை. மறுக்கவும் இல்லை.

மத்தியானம் கப்பல். இங்கே ஆய்வாளரின் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் போன அதே ரயிலில் போனால் கப்பலடியில் இறங்கலாம் என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்தேன். சொகுசுக் கப்பல் நிற்கும் முனையம் அங்கே இல்லை. பாலம் தாண்டி பூலாவ் இண்டாவில் இருக்கிறது. ரயில் அங்கே போகாது. வாடகைக் கார் பிடித்து, லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இரண்டு நாளில் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கை ஓட்டுநரிடம் கொடுத்தோம். அத்தான் அந்தத் தொகையை 555-இல் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். இதுவரை அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பினாங்கிலிருந்து அக்கா போன் செய்தாள். முதல் இரவே கப்பல் ஆடியதில் அத்தானுக்குத் தலைசுற்றலாம். பத்து வகைச் சாப்பாட்டு மேசைகளையும் தாண்டிப் போய், அறையில் உட்கார்ந்து, புந்தோங் முறுக்கை வெறும் தண்ணீரோடு கடித்துக்கொண்டிருக்கிறாராம். வயிற்றுக் கொள்ளளவுக் கோட்பாட்டுக்கு மேலும் தரவு தேவைப்படுகிறது.

இந்த முடிவுகளைச் சரிபார்க்க விரும்புவோர் வார நாளில் கெத்தாம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரே அங்கே மீன் சாப்பிட வந்துவிடும். கடலேற்ற அட்டவணையைப் பார்த்துப் போனால் கால்வாயில் தண்ணீர் இருக்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலுக்குப் போகிறவர்கள் பூலாவ் இண்டா என்று ஓட்டுநரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். முந்தின இரவு தங்க என் வீட்டைக் கேட்காதீர்கள், களப்பணி முடிந்துவிட்டது.