ஒழுகல் பெயர்ச்சி

சனி பகவான் இரண்டரை ஆண்டுக்கொருமுறையும் குரு பகவான் ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறையும் ராசி மாறுவதைப் பஞ்சாங்கக்காரர்கள் நாழிகை சுத்தமாகக் கணித்துச் சொல்ல, திருநள்ளாற்றிலும் ஆலங்குடியிலும் ஜனங்கள் அதற்கெனத் திரள்கிற இந்தக் காவேரிப் பிரதேசத்தில், அவ்விரண்டையும்விட அடிக்கடி நிகழ்வதும், குடும்பத்தை உடனடியாகப் பாதிப்பதுமான வேறொரு பெயர்ச்சிக்கு மட்டும் இலக்கணம் வகுப்பாரில்லை. ஓட்டு வீட்டுக் கூரையின் ஒழுகல் ஓரிடம் விட்டு மற்றோரிடம் போவதைத்தான் சொல்கிறேன். ஆராய்ச்சி முடிபைக் கடைசிவரை ஒளித்து வைத்துப் படிப்பவர்களை வருத்துவது வித்வான்களின் வழக்கமாயினும், நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒழுகலுக்கு அழிவு கிடையாது, இடமாற்றம் மாத்திரமே உண்டு.

முதலில் க்ஷேத்திர நிர்ணயம். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் மேற்குமலைத் தொடரே வாங்கிக்கொண்டுவிடுவதால், குடகிலே பெய்து, மேட்டூரிலே தேங்கி, கல்லணையில் பிரிந்து நம்மிடம் வந்து சேர்கிற ஆனி ஆடி மழை வயலை நனைக்குமேயன்றிக் கூரையை நனைப்பது சொற்பமே. கூரைக்கென்று ஏற்பட்ட மழை ஐப்பசி கார்த்திகையில் கடற்பக்கமிருந்து வருவது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்தப் பருவத்தில்தான் பெய்கிறது. காற்றும் வடகிழக்கிலிருந்து அடிப்பதால், வடக்கையும் கிழக்கையும் பார்த்த சாய்வுகளிலே சாரல் ஓட்டின் கீழ்விளிம்பில் எதிரேறிப் புகுந்துவிடுகிறது. தெற்குச் சாய்வு ஒழுகுகிறதென்று யாராவது புகார் சொன்னால் பூனையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டில் இரண்டு ஜாதி. நாட்டு ஓடு என்பது குயவர் சக்கரத்தில் குழலாக வனைந்து, நீளவாட்டில் பிளந்து சூளையில் சுட்டது; ஆணியில்லாமல், கொக்கியில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு தன் பாரத்தையே துணையாகக் கொண்டு கிடப்பது. அணிலும் எலியும் குரங்கும் நடந்த நடையில் அது ஆண்டு முழுவதும் அங்குலம் அங்குலமாகச் சரியும் என்பதால், ஆவணி புரட்டாசியில் கூரையையே பிரித்து மறுபடி வேய்வது பழைய சம்பிரதாயம். அந்த நாட்களிலேயே குறுவை அறுப்பும் வந்து, கூரைமேல் ஏற வேண்டிய ஆள் களத்திலே நிற்பான் என்பது இந்த ஜில்லாவுக்கே உரிய விசேஷ உபத்திரவம். மற்றொன்று சீமை ஓடு. 1865இல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இந்தத் தட்டை ஓடு, பக்கத்திலே பள்ளமும் அடியிலே கொக்கியும் பெற்று, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு உட்காருவது. அந்தக் கம்பெனி ஓட்டின் முதுகில் 1865 என்று பதித்திருப்பதைக் கண்டு, தம் வீடு அவ்வாண்டிலேயே கட்டப்பட்டதென்று பாகப்பிரிவினை வரைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு; அது தொழிற்சாலை பிறந்த ஆண்டேயன்றி ஓடு பிறந்த ஆண்டன்று என்று சொல்லப்போய் அவர்களுடைய சிநேகத்தை இழக்க வேண்டியதில்லை.

இனி, ஒழுகும் இடத்தை அறிவதெப்படி? மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென்று அநுமானிப்பது தர்க்க சாஸ்திரத்தின் பால பாடம். ஒழுகல் விஷயத்தில் இந்த அநுமானம் செல்லாது. சொட்டைக் கண்டு, அதற்கு நேர்மேலே ஓட்டையிருக்கிறதென்று முடிவு கட்டியவர்களே நல்ல ஓடுகளை அதிகமாக உடைத்தவர்கள். முகட்டருகே ஒரு விரிசலில் நுழைகிற நீர், ஓட்டின் அடிவயிற்றை ஒட்டிக்கொண்டே இறங்கி, ரீப்பர் கட்டையைப் பிடித்து, அதன் வழியே பக்கவாட்டில் யாத்திரை செய்து, கைமரத்திற்கு மாறி, என்றைக்கோ தொட்டில் கட்டுவதற்காக அடித்த துருப்பிடித்த ஆணியில் வந்து நின்று, அங்கிருந்துதான் கீழே விழத் தீர்மானிக்கிறது. நுழைந்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் ஏழெட்டு அடி தூரம் இருந்துவிடும்.

இதனால் வெயில் பட்சத்தார் என்றொரு கோஷ்டி தோன்றியது. சித்திரை உச்சிப்பொழுதில் கூடத்துத் தரையிலே காலணா அளவில் விழுகிற வெயில் வட்டங்களைக் கரிக்கட்டியால் சுழித்து வைத்துக்கொண்டு, ஒளி புகுகிற வழியே ஜலமும் புகும் என்பது இவர்கள் சித்தாந்தம். கேட்க யுக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி நேர்கோட்டில் செல்வது. ஜலம் அப்படிப்பட்ட நேர்மையுடையதன்று. வெயில் விழும் சந்து மேலோட்டின் நிழலில் ஒதுங்கி மழைக்கு மறைவாயிருக்கும். வெளிச்சமே தெரியாதபடி ஒட்டிக்கிடக்கிற இரண்டு ஓடுகளின் இடுக்கிலோ நீர் மேல்நோக்கிக்கூட ஏறிவிடும். போதாக்குறைக்கு, ஆள் வந்து சேர்வதற்குள் அந்தக் கரிச்சுழிகள் அன்றாடம் கூடத்தைத் துடைக்கிறவர்களுடைய கடமையுணர்ச்சியால் மறைந்துபோகின்றன.

எஞ்சியது பிரத்தியட்சப் பிரமாணம். அதாவது, ஒருவர் கீழே நின்று ஒட்டடைக் கம்பால் தட்ட, மற்றொருவர் மேலே இருந்து கேட்பது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கிற இந்தச் சம்வாதம் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே பாடமாக வழங்குகிறது.

“எங்கேங்க? தட்டுங்க!”

“இதோ தட்டறேன். காதுல விழுதாப்பா?”

“விழுதுங்கய்யா. இங்க ஓடு நல்லாத்தானே இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிப் பாரு.”

“வடக்கேங்களா?” என்ற கேள்வியும் மளுக்கென்ற சத்தமும் ஒன்றாக வரும். பிறகு சிறிது மௌனம். “ஒண்ணுமில்லீங்க, பழைய ஓடுதான்.”

அந்த மளுக்கென்ற சத்தமே இந்தச் சாஸ்திரத்தின் மூலமந்திரம். ஒழுகலை நிறுத்த ஏறியவனுடைய பாதம் வேறோரிடத்தில் ஒழுகலைப் பிரதிஷ்டை செய்துவிட்டே இறங்குகிறது. அவன் கால் இறகைப்போல் இலேசாயிருந்தாலும் பயனில்லை. ஓர் ஓட்டை எடுக்க மேல்வரிசையைத் தூக்க வேண்டும். தூக்கியது பழையபடி உட்காராது. புதிதாக வாங்கி வந்த ஓடோ வேறொரு சூளையின் அச்சில் வார்த்ததாகையால், அதன் பள்ளம் அண்டையிலிருப்பதன் மேட்டோடு பொருந்தாது. ஒரு நூலளவு இடைவெளி விட்டுத்தான் உட்காரும். மழைக்கு ஒரு நூல் இடம் போதாதா?

பெயர்ச்சி இப்படித் தவிர்க்க முடியாததென்றால், பலன் சொல்லாமல் விடுவது முறையன்று. திண்ணைக்குப் பெயர்ந்தால் வந்தவர்களுக்குக் கஷ்டம், வீட்டாருக்குச் சுபம். கூடத்திற்கு வந்தால் பாத்திரச் செலவு: முதலில் சொம்பு, பிறகு தவலை, அடைமழையில் அண்டா. ஏனங்களில் சொட்டு விழும் நாதத்தை ஜலதரங்கமென்று வர்ணிக்கிற ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடியில் நாலு விரற்கடை தண்ணீர் சேர்ந்ததும் அந்த நாதம் செத்துப் போகிறது. தெறிக்கிறதென்று வீட்டுப் பெண்கள் பழந்துணி ஒன்றைப் பாத்திரத்திற்குள் சுருட்டிப் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் கேட்கச் சங்கீதம் ஏது? அடுப்புக்கு நேரே வந்தால் கலகம். பத்தாயத்திற்கு மேலே வந்தால் அஷ்டமத்துச் சனி. விதைநெல் முளைவிடுவதற்கு நாற்றங்கால் இருக்கிறது. பத்தாயத்துக்குள்ளேயே முளைத்தால் அடுத்த போகத்திற்குக் கடன் வாங்க வேண்டியதுதான்.

ஆகவே, ஒழுகலை நிறுத்துகிறேன் என்பவனைவிட, அதைப் பக்குவமாகத் தாழ்வாரத்தின் ஓரத்திற்கு அழைத்து வந்து முற்றத்தில் விடத் தெரிந்தவனே உத்தம வேலைக்காரன் என்பது என் அபிப்பிராயம். கூரைக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு திறப்பை வைத்து, நாலு சாய்வின் மழையையும் வீட்டுக்குள்ளேயே வாங்கி ஜலதாரை வழியாக வெளியே அனுப்பிய நம் பெரியவர்கள், மழையோடு சண்டையிட்டுப் பயனில்லையென்று நம்மைவிட முன்னதாகவே கண்டுகொண்டவர்கள்.

மச்சு வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்து, மேலே ஜல்லிக்காரை கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டைகளால் நாள்கணக்காகத் தட்டிய மெட்ராஸ் தளத்திலும் ஒழுகல் உண்டு. அங்கே அது இடத்தில் மட்டுமன்றிக் காலத்திலும் பெயர்கிறது. பெய்தபோது சும்மாயிருந்துவிட்டு, மழை ஓய்ந்து வெயில் காய்கையில் காரை குடித்ததைச் சாவகாசமாகச் சொட்டும். 1010இல் நிறைவேறிய பெரிய கோயில் விமானத்தை எதிருதாரணமாகக் காட்டுவோருக்கு, அது கருங்கல் என்பதும், ஓடு மாற்ற யாரும் அதன்மேல் ஏறுவதில்லை என்பதும் போதிய மறுமொழி. 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தருகே கரையேறியதும், 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் பக்கம் வந்ததும் போன்ற புயல்களில் கூரையே போய்விடுவதால் அவை இந்த விசாரத்தில் அடங்கா. அவற்றை வைத்து வேடிக்கையாக எழுத எனக்கு மனமும் வரவில்லை.

கடைசியாக ஒரு நுட்பம். இந்தப் பக்கத்துத் தெருக்களில் வீடுகள் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்பதால், ஒரு வீட்டுக் கூரை முடிகிற இடமும் அடுத்த வீட்டுக் கூரை தொடங்குகிற இடமும் கூரைமேல் நடக்கிறவனுக்குத் தெரிவதில்லை. கணக்கைத் தெரு முழுவதற்கும் சேர்த்துத்தான் போட வேண்டும். கீழண்டை வீட்டார் இந்த ஆவணியில் ஓடு மாற்றி, கூடம் இப்போது சொட்டுவதில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். நேற்று மேலண்டை வீட்டிலும் ஏணி சார்த்தியிருக்கிறார்கள். நடுவிலிருக்கிற எங்கள் வீட்டில் பத்தாயத்தை நகர்த்த ஆள் சொல்லியிருக்கிறோம்.