ரிஃப்ரெஷ் இயல்: இல்லக் கணினியின் பிணிகளும் பரிகாரங்களும்

திணறல் காணின் திரைவெறு வெளியில்
வலச்சொடுக் கிட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தல்
மும்முறை என்ப மூத்தோர் தாமே.

இச்சூத்திரம் என்ன சொல்ல வந்ததோ எனின், வீட்டுக் கணினி மக்கர் பண்ணும்போது குடும்பத்தார் முதலில் செய்யத்தக்கது இன்னது என்று சொல்ல வந்தது. இதை ஏட்டிலோ தாளிலோ யாரும் எழுதி வைக்கவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறிய காலந்தொட்டு வாய்மொழியாக வருவதை இக்கட்டுரையாளர் யாப்பில் கட்டியதோடு சரி. தளை தட்டினால் அது ரிஃப்ரெஷ் என்னும் சீரின் குற்றம்.

'திணறல்' என்றது ஸ்லோ ஆதல், ஸ்ட்ரக் ஆதல், ஹேங் ஆதல் ஆகிய மூன்றையும் அடக்கி நின்றது. கேட்டது தாமதமாகத் திறந்தால் ஸ்லோ. பாதி திறந்து நின்றால் ஸ்ட்ரக். மவுஸே நகராவிட்டால் ஹேங். வீட்டார் இம்மூன்றையும் வேறுபாடின்றி 'சிஸ்டம் போச்சு' என்பர். 'திரைவெறு வெளியில்' என்றதனால் ஐகான் மீது சொடுக்கலாகாது என்பது பெற்றாம். அங்கே சொடுக்கினால் வருவது வேறு பட்டியல், அதில் டெலீட் இருக்கிறது. 'மும்முறை' என்பதற்கு 'ஐம்முறை' என்றும் பாடம் உண்டு. எஃப் 5 விசையில் வைத்த விரலை எடுக்காமலே அமர்ந்திருப்பாரும் உளர். அவர் முறை எண்ணிக்கைக்குள் அடங்காது.

இனி, ரிஃப்ரெஷ் உண்மையில் செய்வது யாது? டெஸ்க்டாப் என்று நாம் காண்பது சி டிரைவுக்குள் கிடக்கும் ஒரு ஃபோல்டர். (இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஒரு வீட்டில் பெருஞ்சேதத்துக்குக் காரணமாகப் போகிறது.) ரிஃப்ரெஷ் கொடுத்ததும் அந்த ஃபோல்டரில் என்னென்ன உள்ளன என்று விண்டோஸ் மறுபடி எட்டிப் பார்த்து, ஐகான்களை மறுபடி வரைகிறது. அவ்வளவே. ராமில் ஒரு துளியும் காலியாவதில்லை. பிராசஸருக்கு ஓய்வும் இல்லை. வரைகிற வேலைதான் கூடுதல்.

அஃதேல், ரிஃப்ரெஷ் கொடுத்ததும் பல வீடுகளில் சரியாகிவிடுகிறதே, எங்ஙனம்? கணினி பின்னணியில் ஏதோ ஒரு வேலையில் இருந்தது, ஆண்டி வைரஸ் ஸ்கேனோ அப்டேட்டோ. அது முடிய அவகாசம் தேவைப்பட்டது. அந்த அவகாசம் முழுதும் மனிதர் ரிஃப்ரெஷ் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு எதையும் திறந்து அதன் சுமையைக் கூட்டவில்லை. எனவே இப்பரிகாரம் வேலை செய்வது நாற்காலியில் இருப்பவர் மீது. இன்னொரு பயனும் உண்டு. ஐகான்கள் மின்னி மறைந்து சட்டென வந்தால் கணினி தெம்பாக இருக்கிறது. ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தால் டிஸ்க் திணறுகிறது. வராமலே போனால் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதை ஒத்தது இது. நாடி பிடித்ததாலேயே காய்ச்சல் இறங்கியது என்று நம் வீடுகள் நம்பி வருகின்றன, அவ்வளவுதான் பிழை.

ரிஃப்ரெஷ்காரரை அடுத்து வருவோர் துடைப்பர். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் சிறு பெட்டியில் முதலில் 'டெம்ப்', அடுத்து அதே சொல்லை இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே, மூன்றாவதாக 'ப்ரீஃபெட்ச்' என்று அடித்து, திறப்பதையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்து, ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துவது இவர்தம் நித்தியக் கடன். முதலிரண்டில் கிடப்பவை தற்காலிகக் கோப்புகள். அவற்றை அழித்தால் இடம் கிடைக்கும். சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டும் வீட்டில் அது மெய்யான உதவி. மூன்றாவது கதை வேறு. எந்தச் செயலி தொடங்கும்போது எதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து எடுக்கும் என்ற குறிப்பை 2001-இல் வந்த எக்ஸ்பி முதலே விண்டோஸ் அந்த ஃபோல்டரில் எழுதி வைக்கிறது, அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காக. அதை அழிப்பவர், வேகம் வேண்டி வேகத்தின் கணக்குப் புத்தகத்தைக் கிழிக்கிறார். அடுத்த முறை தாமதமாகத் திறக்கும். உடனே அவர் மறுபடி துடைப்பார்.

துடைப்பருள் வசதி படைத்தோர் இதற்கென்றே சிகிளீனர் போன்ற மென்பொருளை இறக்கி வைப்பர். ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கில் 'பிழைகள்' என்று அது காட்டும் பட்டியலைக் கண்டு கலங்காத குடும்பத்தலைவர் இல்லை. அவற்றை நீக்கியதால் வேகம் கூடியது கண்டாரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். 2017-இல் அம்மென்பொருளின் 5.33 பதிப்பிலேயே விஷமிகள் தம் நிரலைச் செருகிவிட, அது முறையான கையொப்பத்தோடு 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் போய் உட்கார்ந்தது. துடைக்கவே கூடாது என்பதன்று இக்கட்டுரையின் கொள்கை. விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப் போதும் என்பதே.

டிஃப்ராக் பற்றி ஒரு பத்தியேனும் எழுதாவிட்டால் விண்டோஸ் 98 காலத்தவர் மன்னிக்க மாட்டார்கள். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை அடுத்தடுத்து வைக்கும் வேலை அது. 'ஷோ டீடெய்ல்ஸ்' கொடுத்தால் திரை முழுக்கச் சிறு கட்டங்கள். நிறம் மாறி நிறம் மாறி இடம் பெயரும். வீட்டில் கேபிள் போன மாலைகளில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோர் உண்டு. ஆனால் நடுவில் டிஸ்க்கில் யாராவது எதையாவது எழுதினால், உள்ளடக்கம் மாறிவிட்டதென்று அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்க்ரீன் சேவர் எழுந்தாலே போதும். ஆகவே முற்றிலும் முடிந்த டிஃப்ராக்கைக் கண்டவர் அக்காலத்தில் ஒரு தகுதி படைத்தவராகக் கருதப்பட்டார். இன்றைய எஸ்எஸ்டியில் ஓடித் தேட வேண்டிய முள் இல்லை. சிதறிக் கிடந்தாலும் எடுக்க அதே நேரம்தான். அதற்கு டிஃப்ராக் செய்வது வீண் தேய்மானம்.

பென்டிரைவில் உள்ள ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் நோயும், அதற்குக் கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்று தொடங்கி ஓதப்படும் மந்திரமும் தனி நூலுக்கு உரியவை. அம்மந்திரம் மறைந்த கோப்புகளைக் காட்டும். மறைத்த வைரஸை ஒன்றும் செய்யாது என்பது மட்டும் இங்கே கூறி அமைவாம். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப்பிள்ளையின் அழிரப்பரால் தேய்த்து மாட்டும் முறையோ மென்பொருள் அன்று, ஆய்வெல்லைக்குப் புறத்தது. எனினும் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அதனால் எழுந்தன. பற்களில் படிந்த கறை போவதே காரணம். பரிகாரங்களுள் வேடிக்கையாகத் தோன்றும் இது ஒன்றே முழு உண்மை என்பதைப் பதிவு செய்வது கடமை.

இனி மறுபிறப்பு, அதாவது ரீஸ்டார்ட். விண்டோஸ் ஒரு செயலியை 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று அறிவிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து விநாடி. வீட்டார் அறிவிக்க எடுத்துக்கொள்வது அதனினும் குறைவு. அந்த இடைவெளியில் ஐகானை எத்தனை முறை சொடுக்கினாரோ அத்தனை ஜன்னலும் பிறகு ஒருசேரத் திறக்கும். இதற்கென்றே டேவிட் பிளம்மர் எழுதிய டாஸ்க் மேனேஜர் 1996-இல் என்டி 4-இல் வந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து அழுத்தினால் நேரே திறக்கும். முரண்டு பிடிக்கும் ஒன்றை மட்டும் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுப்பது நாகரிக முறை. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்னும் மூவிரல் முத்திரை அதற்கும் மூத்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்காக டேவிட் பிராட்லி அமைத்தது, வேலை செய்யும் பொறியாளர்கள் கணினியை விரைவாக எழுப்பிக்கொள்வதற்கு. தவறிக் கை பட்டு நேரக் கூடாதென்றே விசைகள் எட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டன. நம் வீடுகளில் அது எட்டத்தில் இருப்பதாக யாரும் உணர்ந்ததில்லை.

மறுபிறப்பு ஏன் பலிக்கிறது என்பதற்கு விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு சான்று உண்டு. கணினி எழுந்ததிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளை எண்ணும் ஒரு எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அத்தோடு கணினி உறைந்துபோகலாம். 1995-இல் வெளிவந்த பொருளின் இக்குறை 1999-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் ஏதேனும் ஒன்று உறைந்து, எல்லோரும் ரீஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார்கள். மின்வாரியத்தின் தயவில் இருந்த நம் வீடுகளுக்கு இந்நோய் அறவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு கள ஆய்வைத் தருவது பொருந்தும். கணினி பையன் வருகிறார். தோளில் பை, பையில் ஸ்க்ரூ டிரைவரும் நான்கைந்து பென்டிரைவும்.

"சார், ரீஸ்டார்ட் குடுத்துப் பாத்தீங்களா?"

"தம்பி, டெய்லி நைட்டு ஷட்டவுன் பண்ணிட்டு, சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கிறேன். அந்த விஷயத்துல நான் கரெக்டா இருப்பேன்."

பையன் ஒன்றும் பேசாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' என்ற இடத்தைக் காட்டுகிறார். 23 நாள் என்று நிற்கிறது. சார் முகத்தில், தன்னை யாரோ இருபத்து மூன்று நாளாக ஏமாற்றி வந்ததை அறிந்த தோற்றம். நடந்தது இது: 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு ஏற்பாடு தானாகவே இயங்குகிறது. ஷட்டவுன் கொடுத்தால் நம் செயலிகள் மூடும். ஆனால் விண்டோஸின் உட்கரு அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு, காலையில் அங்கிருந்தே எழுப்பப்படும். நேற்றைய பிணியும் கூடவே எழும். முழுதாக இறந்து பிறக்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்டைத்தான் அழுத்த வேண்டும். அணைத்துப் போடுவதைவிட அணைக்காமல் மறுபடி தொடங்குவதே ஆழ்ந்த அணைப்பு என்பது கேட்பதற்குத் தத்துவம் போலிருக்கும். ஆனால் செட்டிங்ஸில் ஒரு டிக் எடுத்தால் முடியும் விஷயம்.

எனினும் ரீஸ்டார்ட்டுக்கும் அடங்காதது ஒன்று உண்டு. மறுநாள் தேர்வு, இரவு பத்தரை மணி, ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகவில்லை. அப்பா பிரிண்ட் கொடுக்கிறார், வரவில்லை, இன்னொன்று கொடுக்கிறார். கேன்சல் செய்தால் 'டெலீட்டிங்' என்று காட்டியபடி நிற்கிறது. கேபிளைப் பிடுங்கிச் சொருகி, கணினியையும் ரீஸ்டார்ட் செய்கிறார். கொடுத்த வேலைகள் எல்லாம் சிஸ்டம்32-க்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரிண்டர்ஸ்' என்ற ஃபோல்டரில் கோப்பாகக் காத்திருப்பவை. அணைத்தாலும் அவை போகா. எனவே கணினி எழுந்ததும் பிரிண்டருக்கு வழி பிறந்து, கொடுத்தது அத்தனையும் வரிசையாக வருகின்றன. முதல் சில தாள்களில் மாணவி தெளிவாக இருக்கிறாள். போகப்போக மை தீர்ந்து வெளிறுகிறாள். 'சர்வீசஸ்' பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அந்த ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எஞ்சியது ஃபார்மட். ஏனைய பரிகாரங்கள் தோற்ற இடத்தில் வருவது என்று நூல்கள் கூறினும், நடைமுறையில் பையனுக்கு நேரமில்லாத நாளில் வருவது. அதற்கு முன் கேட்கப்படும் கேள்வி மாறாதது.

"சார், சி டிரைவுல முக்கியமா ஏதாவது இருக்கா?"

"சி-ல ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் டெஸ்க்டாப்லதான் வச்சிருக்கேன்."

வேலை பாதி கடந்த பின் உள்ளிருந்து அம்மா கேட்பார், காதுகுத்து போட்டோவெல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று. ஹார்ட் டிஸ்க் கொண்ட பழைய கணினியாக இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. விரைவு ஃபார்மட் பெயர்ப் பட்டியலைத்தான் புதிதாக்கும். கோப்பின் உடல் அங்கேயே கிடக்கும், மேலே வேறு எழுதப்படும் வரை. டாஸ் காலத்தில் கோப்பை அழித்தால் பெயரின் முதலெழுத்து மட்டுமே போகும்; பீட்டர் நார்ட்டனின் அன்இரேஸ் அந்த ஓர் எழுத்தை நம்மிடம் கேட்டு வாங்கி மீட்டுத் தந்தது. இன்று அந்த வேலைக்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர்களை அது மீட்காது. எஃப் என்ற எழுத்தும் அதன் பின் நீண்ட எண்ணுமாகப் படங்களை அள்ளிக் கொட்டும். காதுகுத்தும் அவற்றுள் இருக்கிறது. கூடவே, பிரவுசர் என்றைக்கோ பார்த்துச் சேமித்த ஒவ்வொரு பொத்தானும், பட்டையும், விளம்பரப் படமும், முன்பின் தெரியாத முகங்களும் வந்திருக்கின்றன. அவை எந்தெந்தப் பக்கங்களிலிருந்து, எந்த நள்ளிரவில் வந்து சேர்ந்தன என்ற ஆய்வு குடும்ப அமைதி கருதி மேற்கொள்ளப்படவில்லை.