றூமுக்கொரு ரீவி

வற்றாப்பளையில் ஒரு பிள்ளை கம்பஸுக்கு எடுபட்டால் ஊரே யோசனை சொல்லும். வாளி, நுளம்புவலை, கேத்தில் என்று நீளும் பட்டியலில் இப்போது ரீவியும் ஏறியிருக்கிறது. "பிள்ளைக்குப் பொழுது போக வேணுமெல்லே" என்கிறார் ஒரு பெரியப்பா. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு நித்திரை கொள்ளவே பொழுதில்லை!

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். வன்னிக்கு அது பலகாலம் ஜெனரேற்றரோடுதான் வந்தது. வாடகை ரீவி, வாடகை டெக், விடியவிடியப் படம். பார்க்க முழு ஒழுங்கையும் ஒரு முற்றத்தில் திரளும். பெரியப்பா இன்னும் அந்த முற்றத்திலேயே இருக்கிறார். இன்றைய றூமிலோ நாலு பேர், நாலு போன், நாலு இயர்போன். ஐந்தாவதாக ஒரு திரை வந்தால் துவாய் காயப்போடலாம். ரிமோட்டுக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆள் வராது.

கிரிக்கெட் இறுதியாட்டத்துக்குப் பெரிய திரை வேணும்தான். அதுக்கு விடுதிப் பொது அறை ரீவி காணும். தனியே பார்க்கிற சிக்ஸருக்கு என்ன மதிப்பு?

பெரியப்பா, அந்தக் காசுக்கு டேட்டா போட்டுவிடுங்கோ. மிச்சத்தை, கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு ஊர்வர பஸ் காசாகக் குடுங்கோ.